கணக்குக் கேட்ட கோகலே

வரவு இன்னது, செலவு இன்னது என்று அறிந்து நடத்துவது நல்ல இல்லறத்தின் இலக்கணம். கணக்கறியாத குடும்பம் நாளடைவில் கடனில் மூழ்கும். நாடும் ஒரு பெருங் குடும்பமே. குடிமக்கள் செலுத்தும் வரி அதன் வரவு. பள்ளி, மருத்துவமனை, சாலை, நீர்ப்பாசனம், காவல், படை ஆகியவை அதன் செலவு. மக்களாட்சி நடைபெறும் நாட்டில், மக்களின் பிரதிநிதிகள் ஆராய்ந்து ஒப்புதல் அளித்த பின்னரே கருவூலத்துப் பணம் செலவிடப்படும். படைச் செலவும் இவ்விதிக்கு விலக்கன்று.

அந்நியர் ஆட்சியில் இந்தியாவின் நிலை வேறாக இருந்தது. படைக்குப் பணம் கொடுத்தவன் இந்தியக் குடியானவன். எத்துணைப் படை வேண்டும், அப்படை எங்குச் சென்று போரிட வேண்டும் என்று முடிவு செய்தவர்களோ கடல்கடந்து இலண்டனில் இருந்த ஆட்சியாளர்கள். அந்நாளில், வாக்களிக்கும் உரிமை சிறிதும் இல்லாத ஒரு சபையில் எழுந்து நின்று, அச்செலவுக்கு ஆண்டுதோறும் அஞ்சாது கணக்குக் கேட்டார் ஒரு பெரியார். அவரே கோபால கிருஷ்ண கோகலே.

இளமைப் பருவம்

கோகலே 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ் சிறு உத்தியோகத்தில் இருந்தவர். கோகலேக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது அவர் காலமானார். குடும்பச் சுமை தமையனார் கோவிந்தராவின் தோள்மீது விழுந்தது. அவர் தம் படிப்பை நிறுத்திக்கொண்டு மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் வேலைக்கு அமர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் கல்விக்கு அனுப்பி வந்தார். தமையனார் வயிற்றைக் கட்டி அனுப்பும் பணம் அது என்பதை உணர்ந்த கோகலே, ஒரு காசையும் வீணாக்காமல் கணக்கு வைத்துச் செலவு செய்தார். பிற்காலத்தில் ஏழையின் வரிப்பணம் வீணாவதைக் கண்டு அவர் மனம் பதறியதற்கு இவ்விளமைப் பழக்கமே வித்தாயிற்று எனலாம்.

அவருடைய பள்ளி வாழ்க்கையைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். ஆசிரியர் வீட்டில் செய்துவருமாறு சில கணக்குகளைக் கொடுத்தார். மறுநாள் கோகலேயின் விடைகள் மட்டுமே சரியாக இருந்தன. ஆசிரியர் அவரைப் பாராட்டி வகுப்பின் முதலிடத்தில் அமரச் சொன்னார். சிறுவனோ மகிழவில்லை, விம்மி விம்மி அழுதான். ஒரு கணக்கைப் பிறர் உதவியால் செய்ததாகவும், ஆகவே முதலிடத்திற்குத் தான் உரியவன் அல்லன் என்றும் கூறினான். ஆசிரியர் அவன் நேர்மையைக் கண்டு வியந்தார்.

கோலாப்பூரிலும் புனாவிலும் பம்பாயிலும் கல்லூரிக் கல்வி கற்று, 1884-இல் பதினெட்டாம் வயதில் கோகலே பட்டம் பெற்றார். நன்கு படித்த இளைஞருக்கு அரசாங்க உத்தியோகம் கைகூடும் காலம் அது. அவரோ புனாவில் தேசபக்தர்கள் நடத்திய பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர்கள் 1885-இல் தொடங்கிய பெர்குசன் கல்லூரியில், இருபது ஆண்டுகள் குறைந்த ஊதியத்திற்கே உழைப்பதாக உறுதி பூண்டார். மாதம் 75 ரூபாய் பெற்றுக்கொண்டு ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளாதாரம் ஆகியவற்றைக் கற்பித்தார். அவர் எழுதிய எண்கணித நூலைப் பல பள்ளிகள் பாடநூலாகக் கொண்டன.

குருவும் சீடரும்

புனாவில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே என்னும் பேரறிஞர் இருந்தார். சட்டம், வரலாறு, பொருளாதாரம் மூன்றிலும் துறைபோனவர் அவர். கோகலே அவரைக் குருவாகக் கொண்டார். அரசாங்கம் வெளியிடும் அறிக்கைகளையும் கணக்குப் புத்தகங்களையும் கட்டுக் கட்டாகப் படித்து, அவற்றில் மறைந்து கிடக்கும் உண்மையை வெளிக்கொணரும் கலையை ரானடே தம் சீடருக்குப் பயிற்றினார். எழுதியதைத் திருத்துவார், மீண்டும் எழுதச் செய்வார். ஒரு புள்ளி பிழைபட்டாலும் பொறுக்க மாட்டார்.

இவ்வளவு பாடுபட்டு எழுதும் மனுக்களை அரசாங்கம் மதிப்பதில்லையே என்று கோகலே ஒரு சமயம் மனம் தளர்ந்தார். அம்மனுக்கள் பெயரளவிலேயே அரசாங்கத்திற்கு எழுதப்படுவன என்றும், உண்மையில் அவை நாட்டு மக்கள் தம் நிலையைத் தாமே எண்ணிப் பார்க்கக் கற்பதற்காக எழுதப்படுவன என்றும் ரானடே அவருக்கு விளக்கினார். அவ்வறிவுரை கோகலேயின் உள்ளத்தில் கல்லில் எழுத்தாகப் பதிந்தது.

இலண்டனில் சாட்சியம்

இந்தியாவின் செலவை மேற்பார்வையிடும் பொறுப்பு சட்டப்படி பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு இருந்தது. இந்தியாவின் எல்லைக்கு அப்பால் நடக்கும் போருக்கு, பார்லிமெண்டின் இரு சபைகளும் இசைந்தாலன்றி இந்திய வருவாயைச் செலவிடலாகாது என்று 1858-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. இந்தியாவின்மீது படையெடுப்போரைத் தடுப்பதும், உடனடியாக நேரும் நெருக்கடியும் மட்டுமே இதற்கு விலக்கு. ஆனால், பார்லிமெண்டின் இசைவு எளிதில் கிடைத்தது. இந்திய வரவு செலவைப் பற்றிய விவாதம் கூட்டத்தொடரின் இறுதியில், உறுப்பினர் பலர் ஊருக்குத் திரும்பிய பின் நடப்பதே வழக்கமாயிற்று. வரி கொடுத்த இந்தியருக்கு அச்சபைக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை இல்லை.

இந்நிலையில், தாதாபாய் நௌரோஜி 1892-இல் இலண்டன் நகரத் தொகுதி ஒன்றிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இந்தியாவின் செலவை ஆராய வேண்டும் என்று அவர் இடைவிடாது வற்புறுத்தினார். அதன் பயனாக 1895-இல் வெல்பி பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன்முன் சாட்சியம் கூற 1897-இல் இந்தியாவிலிருந்து நால்வர் சென்றனர். வங்கத்துச் சுரேந்திரநாத் பானர்ஜி, பம்பாயைச் சேர்ந்த தின்ஷா வாச்சா, சென்னையிலிருந்து சுதேசமித்திரன் நடத்திய ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோருடன் சென்ற கோகலேக்கு அப்போது வயது முப்பது.

நிதித்துறையில் பழுத்த ஆங்கிலேய அதிகாரிகள் அவரைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டனர். கோகலே கலங்கவில்லை. இந்தியாவின் செலவு பெருகிவருவதற்கு மூலகாரணம், பணம் கொடுப்பவர்க்கு அதன்மீது அதிகாரம் இல்லாமையே என்று அவர் எடுத்துரைத்தார். வரவு செலவுத் திட்டம் இந்தியச் சட்டசபையில் பகுதி பகுதியாக நிறைவேற்றப்பட வேண்டும் என்றும், பேரரசின் நலனுக்காக இந்தியா தாங்கும் படைச் செலவில் இங்கிலாந்தும் பங்கேற்க வேண்டும் என்றும் கேட்டார்.

ஒரு பிழையும் அது தந்த பாடமும்

கோகலே இங்கிலாந்தில் இருந்தபோது புனாவில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் புகுந்த போர்வீரர்கள் மக்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக நண்பர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். கோகலே அதனை நம்பி இங்கிலாந்தில் வெளியிட்டார். அரசாங்கம் சான்று கேட்டது. தாயகம் திரும்பிய கோகலேக்கு, கடிதம் எழுதியவர்களைச் சாட்சி சொல்ல முன்வரச் செய்ய இயலவில்லை. அவர்களுடைய பெயரைக் காட்டிக் கொடுக்கவும் மனம் இல்லை. மெய்ப்பிக்க முடியாத குற்றச்சாட்டைக் கூறியது தம் பிழையே என்று ஒப்புக்கொண்டு, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆங்கிலேயர் அவரை எள்ளினர். சொந்த நாட்டவரும் கோழை என்று தூற்றினர். காங்கிரசிலும் அவருக்கு எதிர்ப்புக் கிளம்பியது.

வேறொருவராயின் பொதுவாழ்வையே துறந்திருப்பர். கோகலே அத்துன்பத்தையே பாடமாகக் கொண்டார். கையில் சான்று இல்லாத ஒரு சொல்லையும் மேடையில் கூறுவதில்லை என்னும் நெறி அவர் வாழ்வில் உறுதிப்பட்டது.

சட்டசபையில் முதற்பேச்சு

பம்பாய்ச் சட்டசபையில் பணியாற்றிய கோகலே, பிரோஸிஷா மேத்தா விலகிய இடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1902-இல் வைசிராயின் சட்டசபையில் அமர்ந்தார். அச்சபை இக்காலத்து நாடாளுமன்றம் போன்றது அன்று. கல்கத்தாவில் வைசிராயின் தலைமையில் கூடியது. அதிகாரிகளே அங்குப் பெரும்பான்மையினர். தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த இந்தியர் மிகச் சிலர். 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். ஆனால், தீர்மானம் கொண்டுவரவோ, வாக்கெடுப்புக் கோரவோ இயலாது. ஒரு ரூபாயைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. முடிந்த முடிவைப் பற்றிய பேச்சாகவே அவ்விவாதம் இருந்தது.

வாக்கு இல்லாதவனுக்குப் படைக்கலம் எது? உண்மை ஒன்றுதான். கோகலே பல ஆண்டுக் கணக்குகளைத் திரட்டினார். புள்ளிவிவரத்தில் வல்லவரும் பள்ளி ஆசிரியருமான கணேச வியங்கடேச ஜோஷி அவருக்குத் துணைநின்றார். 1902 மார்ச் 26-ஆம் நாள் கோகலே சபையில் எழுந்தார்.

அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் பெருந்தொகை மிச்சம் காணப்பட்டது. நாடு செழித்திருப்பதற்கு இதுவே சான்று என்று அதிகாரிகள் பெருமை கொண்டனர். கோகலே அப்பெருமையைக் கணக்கைக் கொண்டே தகர்த்தார். வெள்ளி ரூபாயின் மதிப்பு வீழ்ந்திருந்த காலத்தில், இலண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகையை ஈடுகட்ட வரிகள் உயர்த்தப்பட்டன. பின்னர் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்சாக நிலைபெற்றது. உயர்த்திய வரி மட்டும் குறைக்கப்படவில்லை. 1896-97, 1899-1900 ஆகிய ஆண்டுகளின் கொடும் பஞ்சங்களாலும் கொள்ளைநோயாலும் மக்கள் மாண்ட காலத்தில் கருவூலத்தில் பணம் மிஞ்சியது என்றால், தேவைக்கு மேல் வரி வாங்கப்படுகிறது என்பதே அதன் பொருள் என்று அவர் நிறுவினார்.

அந்நாளில் ஏறத்தாழ 82 இராத்தல் கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு 2½ ரூபாய் வரி இருந்தது. கூழுக்கும் உப்பு வேண்டும். ஆதலால் பரம ஏழையும் அவ்வரியிலிருந்து தப்ப இயலாது. அதைக் குறைக்க வேண்டும் என்று கோகலே வாதாடினார். அன்று வாக்கெடுப்பு நடைபெறவில்லை. நடைபெற்றிருந்தாலும் அவர் தோற்றிருப்பார். ஆயினும் அவர் சொற்கள் செய்தித்தாள்கள் வாயிலாக நாடெங்கும் பரவின. ரானடே கூறியபடி மக்கள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினர். உப்பு வரி 1903-இல் 2 ரூபாயாகவும், 1905-இல் 1½ ரூபாயாகவும், 1907-இல் 1 ரூபாயாகவும் குறைந்தது.

படைச் செலவை ஆராய்தல்

கோகலே ஆண்டுதோறும் மிகுதியாக ஆராய்ந்த செலவு படைச் செலவே. 1884-85-இல் ஏறத்தாழ 18 கோடி ரூபாயாக இருந்த அச்செலவு, 1906-07-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 33 கோடியாக உயர்ந்திருந்தது. நாடு முழுவதும் உழவர் செலுத்திய நிலவரி அனைத்தையும் சேர்த்தாலும் இத்தொகைக்கு ஈடாகாது என்று அவர் சுட்டிக்காட்டினார். நாட்டைக் காக்கப் படை வேண்டும் என்பதை அவர் ஒருபோதும் மறுத்தவர் அல்லர். இத்துணைப் பெரும்படை எதற்காக, யாருடைய நன்மைக்காக, யாருடைய செலவில் என்பவையே அவர் எழுப்பிய கேள்விகள்.

முதலாவதாக, படையின் அளவு. 1879-இல் அரசாங்கமே அமைத்த படை ஆணைக்குழு, அப்போதிருந்த படையே நாட்டின் பாதுகாப்புக்குப் போதுமானது என்று கருதியது. 1885-இல் ஆப்கானிஸ்தானத்தின் எல்லையில் உருசியர் முன்னேறியதைக் கண்டு அஞ்சி, ஏறத்தாழ 30,000 வீரர்களை அரசாங்கம் புதிதாகச் சேர்த்தது. வைசிராயின் நிர்வாக சபையில் நிதி உறுப்பினராக இருந்த கால்வினும், சட்ட உறுப்பினராக இருந்த இல்பர்ட்டும் அதனை எதிர்த்துத் தம் கருத்தை எழுதி வைத்தனர். அவ்வாங்கிலேயரின் எழுத்தையே கோகலே தம் வாதத்திற்குச் சான்றாக்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்கப் போருக்கும் 1900-இல் சீனத்திற்கும் இந்தியாவிலிருந்து படைகள் அனுப்பப்பட்டன. அப்படைகள் நாட்டில் இல்லாதபோதும் இந்தியாவுக்கு எவ்விதத் தீங்கும் நேரவில்லை. ஆகவே, அவ்வளவு படை இந்தியாவின் தேவைக்கு மிகையானது என்று அவர் வாதாடினார்.

இரண்டாவதாக, செலவைச் சுமத்திய முறை. இங்கிலாந்திலிருந்து வரும் போர்வீரன் சில ஆண்டுகளே இங்குப் பணியாற்றுவான். பிறகு தாயகம் சென்று அந்நாட்டுச் சேமப்படையில் சேர்ந்துவிடுவான். அவனைத் திரட்டவும் பயிற்றவும் ஆகும் செலவில் இந்தியா பங்கு தரவேண்டும்; சேமப்படையோ இங்கிலாந்துக்கு உரியது. 1902-இல் ஆங்கிலப் போர்வீரரின் ஊதியத்தை இலண்டன் உயர்த்தியது. அதனால் ஆண்டொன்றுக்கு 7,86,000 பவுன் சுமை இந்தியாவின் தலைமீது ஏறியது. விருந்துக்கு அழைப்பவர் ஒருவர், பந்திச் செலவைத் தாங்குபவர் மற்றொருவர் என்னும் நிலையே அது.

மூன்றாவதாக, நம்பிக்கையின்மை. ஆங்கிலப் போர்வீரனுக்கு ஆகும் செலவு இந்திய வீரனுக்கு ஆவதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், இரண்டு இந்திய வீரருக்கு ஓர் ஆங்கில வீரர் என்ற அளவில் படை அமைக்கப்பட்டது. சுபேதார் மேஜர் பதவிக்கு மேல் உயர இந்தியருக்கு வழி இல்லை. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மக்கள் கையிலிருந்த படைக்கலத்தையும் பறித்தது. மக்களை நம்பி ஆளும் ஜப்பான், ஆறு கோடி ரூபாய்க்கும் குறைந்த செலவில் ஒரு படையை வைத்துக்கொண்டு, போர் மூண்டால் அதைப் பன்மடங்கு பெருக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அதைவிடப் பல மடங்கு செலவழித்தும் இந்தியாவுக்கு அவ்வாற்றல் இல்லை. இந்த ஒப்பீட்டைக் கோகலே 1906-இல் சபையின்முன் வைத்து, குடிமக்களை நம்பாத ஆட்சி அதற்குரிய விலையை மக்களின் வரிப்பணத்திலிருந்தே கொடுக்கிறது என்பதை விளங்கச் செய்தார்.

கிச்சனரின் திட்டம்

1902-இல் கிச்சனர் பிரபு இந்தியப் படைத் தலைவராக வந்தார். படையை ஒன்பது பெரும் பிரிவுகளாக வகுத்து, வடமேற்கு எல்லையை நோக்கி நிறுத்தும் திட்டத்தை அவர் வரைந்தார். அதற்குப் பல கோடி ரூபாய் வேண்டியிருந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் படைத்துறைக்கென ஓர் உறுப்பினர் இருந்து, படைத் தலைவரின் கோரிக்கைகளை ஆராய்ந்து கருத்துக் கூறிவந்தார். அப்பதவியே வேண்டாம் என்றார் கிச்சனர். வேண்டும் என்றார் வைசிராய் கர்சன். இலண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905-இல் கர்சன் பதவி விலகினார். இதனால் அரசாங்கத்திற்குள்ளேயே இருந்த ஒரு தடையும் வலுவிழந்தது.

அவ்வாண்டிலேயே உலக அரங்கில் பெரியதொரு மாறுதல் நேர்ந்தது. உருசியா ஜப்பானிடம் தோற்றது. இங்கிலாந்தும் ஜப்பானும் தம் உடன்படிக்கையைப் புதுப்பித்தன. கிச்சனரும் உறுப்பினராக இருந்த சட்டசபையில், 1906-ஆம் ஆண்டு கோகலே இவற்றை எடுத்துக் காட்டினார். எந்தப் பகைவனுக்கு அஞ்சிப் படை பெருக்கப்பட்டதோ, அப்பகைவன் வலியிழந்துவிட்டான். இனியும் அத்திட்டத்திற்குப் பணத்தைக் கொட்டுவது தகாது என்று வாதாடினார். அறிஞர் பலர் படைத்துறை தமக்கு விளங்காத துறை என்று ஒதுங்கியிருந்த காலத்தில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் பேர்பெற்ற தளபதியின் திட்டத்தை வரி வரியாக ஆராய்ந்தது வியப்பன்றோ? அவர் குரலை உயர்த்தியதில்லை. எவரையும் இழித்துரைத்ததும் இல்லை. எதிர்த்தரப்பினரும் அவர் பேசும்போது குறிப்பெடுத்துக்கொண்டு கேட்கத்தக்க முறையில், தெளிவாகவும் அடக்கமாகவும் பேசினார்.

பள்ளிக்கு இல்லாத பணம்

படைச் செலவைக் குறைக்கச் சொன்ன கோகலே, அதனால் மிஞ்சும் பணம் எங்குச் செல்ல வேண்டும் என்பதையும் சொன்னார். அந்நாளில் ஐந்து சிற்றூர்களில் நான்கில் பள்ளி இல்லை. எட்டுக் குழந்தைகளில் ஏழு எழுத்தறிவின்றி வளர்ந்தன. இந்நிலையை அவர் சபையில் பன்முறை நினைவூட்டினார். சிறுவர்க்குத் தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் சட்ட முன்வரைவை 1911-இல் கொண்டுவந்தார். அதற்காக நாடு முழுவதும் ஆதரவு திரட்டினார். 1912 மார்ச் மாதத்தில் அது வாக்கெடுப்பிற்கு வந்தது. எதிராக 38 வாக்குகளும் ஆதரவாக 13 வாக்குகளும் கிடைத்தன. முன்வரைவு தோற்றது. படைக்கு ஆண்டுதோறும் பணம் கண்ட அரசாங்கம், கல்விக்கு வந்தபோது செலவை ஒரு தடையாகக் காட்டியது. இத்தோல்வியைக் கோகலே முன்பே எதிர்பார்த்திருந்தார். ஆயினும் மனம் சோரவில்லை. தாம் தோல்விகளின் வாயிலாகவே நாட்டுக்குத் தொண்டு செய்யும் தலைமுறையைச் சேர்ந்தவர் என்று அவர் கருதினார்.

1909-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களுக்கு வரவு செலவுத் திட்டத்தின்மீது தீர்மானம் கொண்டுவரும் உரிமையை அளித்தது. எனினும், படைச் செலவு பற்றித் தீர்மானம் கொண்டுவர அனுமதி இல்லை. எந்தக் கதவைக் கோகலே பல ஆண்டுகள் தட்டினாரோ, அந்தக் கதவை மட்டும் அரசாங்கம் பூட்டியே வைத்தது.

தொண்டும் முடிவும்

பொதுத்தொண்டையே வாழ்வாகக் கொள்ளும் இளைஞரைப் பயிற்றுவதற்காகக் கோகலே 1905-இல் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு காசியில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். தமிழ்நாட்டு வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1907-இல் அச்சங்கத்தில் சேர்ந்து, கோகலேக்குப் பின் அதன் தலைவரானார். காந்தியடிகள் கோகலேயைத் தம் அரசியல் குருவாகப் போற்றினார். 1912-இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்று, அங்கு அல்லலுற்ற இந்தியரின் நிலையை நேரில் கண்டறிந்தார். 1914-இல் அரசாங்கம் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை.

ஓய்வறியா உழைப்பும் நீரிழிவு நோயும் அவர் உடலை அரித்தன. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், தம் 48-ஆம் வயதில் கோகலே புனாவில் உயிர்நீத்தார். அரசியலில் அவரோடு கடுமையாக மாறுபட்டிருந்த திலகரும் அவருடைய ஈமச்சடங்கிற்கு வந்து, அவர் பெருமையைப் போற்றிப் பேசினார். இந்தியர்க்குப் படையில் உயர்பதவி வேண்டும் என்று கோகலே கேட்டது, அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே சிறிது நிறைவேறியது. 1917-இல் ஒன்பது இந்தியர் அப்பதவி பெற்றனர். படைச் செலவின்மீது வாக்களிக்கும் உரிமையோ, 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கிடைக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரே கைவந்தது.

நாம் பெறும் படிப்பினை

இன்று பாதுகாப்புத் துறைக்கு வேண்டிய பணத்தை மக்களவையின் வாக்கின்றி எவரும் எடுக்க இயலாது. செலவான பணத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். அவருடைய அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. கோகலே கனவு கண்ட உரிமை முழுதும் நம் கையில் உள்ளது. ஆயினும், காலம் போதாமையால் பெருந்தொகைகள் விவாதமின்றியே நிறைவேறும் ஆண்டுகளும் உண்டு. உரிமை இருந்தும் உழைப்பு இல்லையாயின் கணக்கு மீண்டும் இருளில் மறையும்.

கோகலேக்கு உரிமை இல்லை, உழைப்பு இருந்தது. ஒரு வாக்கும் இல்லாத சபையில், பிழையற்ற எண்களையும் பணிவான சொற்களையும் துணையாகக் கொண்டு, பேரரசு ஒன்றைப் பதில் சொல்லுமாறு செய்தார். பிறர் உதவியால் செய்த ஒரு கணக்கிற்காகக் கண்ணீர் விட்ட அச்சிறுவனே, பின்னாளில் நாட்டின் கணக்கில் பொய் புகாமல் காத்து நின்றான். பொதுப்பணம் ஏழையின் வியர்வை என்பதையும், அதற்குக் கணக்குக் கேட்பது நாட்டுப்பற்றின் ஒரு பகுதி என்பதையும் அப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. கேட்கும் துணிவும், கேட்பதற்கு முன் கற்கும் பொறுமையும் ஒருங்கே பெற்ற மாணவரே நாளை நாட்டைக் காப்பவர் ஆவர்.